கியூபெக் மூதாதையரைத் தேடுவோருக்குச் சில குறிப்புகள்

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து கனடாவுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் கொடுத்து வைத்தவர்கள். கியூபெக் பங்குக் கோயில்களின் ஏடுகள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆனால் அங்கே குடும்பப் பெயரை மட்டும் நம்பித் தேடினால் இரண்டாம் தலைமுறையிலேயே வழி தவறிவிடும்.

1. திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். முதல் திருமணம் என்றால் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும் அதில் இருப்பது வழக்கம். அந்தப் பெற்றோரின் திருமணத்தைத் தேடினால் அடுத்த தலைமுறை கிடைத்துவிடும். மறுமணப் பதிவில் பல நேரம் இறந்துபோன துணையின் பெயர்தான் இருக்கும். அப்போது முதல் திருமணத்துக்குப் போங்கள். மணமகளின் ஊர்க் கோயிலை முதலில் பாருங்கள், கல்யாணம் பெரும்பாலும் அங்கேதான்.

2. பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே தேடுங்கள். அடக்கப் பதிவிலும் அதுதான் நிற்கும். வேறு நாட்டு வம்சாவளிகளில் பாட்டிமார் காணாமல் போகிற இடத்தில், இங்கே அவர்களே நல்ல துப்பு.

3. பெயருக்கு நடுவே 'தி' (dit) என்ற சொல்லைக் கண்டால் இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 'யூதோன் தி போலியூ' என்றால், யூதோன் என்கிற போலியூ. 1665-இல் கரிஞான்-சாலியேர் படைப்பிரிவில் சுமார் 1,200 வீரர் வந்தார்கள்; 400 பேர் போல அங்கேயே குடியேறினார்கள். லாஃப்ளேர், சான்சூசி போன்ற பட்டாளத்துப் பட்டப்பெயர்கள் அப்படியே குடும்பப் பெயராகிவிட்டன. நிலத்தின் பெயர், சொந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதும் உண்டு. சிக்கல் என்னவென்றால், அண்ணன் ஒரு பெயரையும் தம்பி மற்றதையும் வைத்துக்கொள்வான். ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஒன்றும் திருமணத்தில் வேறொன்றுமாக வருவான். எழுத்துக்கூட்டலும் நிலையாக இருக்காது: பாடகி செலின் டியோனின் மூதாதை வந்தபோது கியோன்.

4. பெண் குழந்தைகளில் பலர் 'மரி', ஆண்களில் பலர் 'ஜோசப்'. வீட்டில் கூப்பிட்ட பெயர் அதற்குப் பின்னால் இருக்கும். ஞானப்பெற்றோரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதும் சகஜம். அவர்கள் அத்தை, மாமா, தாத்தாவாகவே இருக்கக்கூடும் என்பதால் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்ததற்கு வைத்தார்கள். அடக்கப் பதிவைப் பார்க்காமல் யாரையும் வம்சப் படத்தில் ஏற்ற வேண்டாம்.

5. தேதியில் '7' போட்டு அருகே சிறு எழுத்துகள் இருந்தால் அது செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர்.

6. 1640-இல் கியூபெக் நகரக் கோயில் எரிந்தபோது ஏடுகளும் எரிந்தன. அதற்கு முந்தைய பதிவுகள் நினைவிலிருந்து திரும்ப எழுதப்பட்டவை. அந்த அளவுக்கே நம்புங்கள்.

7. நோட்டரி ஆவணங்களைத் தேடுவது அலுப்பான வேலைதான், ஆனால் ருசி அங்கேதான். இறந்தவர் வீட்டுப் பொருள் பட்டியலில் பசு, கெட்டில், போர்வை வரை வரும். எழுதத் தெரியாத தச்சர் சக்கரி குளூத்தியே கையெழுத்துக்குப் பதில் கோடரி வரைந்தார். திருமண ஒப்பந்தம் கல்யாணத்துக்கு முன்பே எழுதப்படும்; கல்யாணம் நின்றுபோய் ஒப்பந்தம் ரத்தானதும் உண்டு. எனவே கோயில் பதிவோடு ஒப்பிடுங்கள்.

8. பாதிரியார் சிப்ரியேன் தங்கே 1871 முதல் 1890 வரை வெளியிட்ட ஏழு தொகுதி அகராதி நல்ல துணை. பிழைகளும் உண்டு. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்றுத் தரவுத்தளத்தில் சரிபாருங்கள்.

9. குடும்பம் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்குப் போயிருந்தால் ஆங்கிலப் பெயரிலும் தேடுங்கள். அங்கே புவாவேர் 'கிரீன்வுட்' ஆனார், ருவா 'கிங்' ஆனார்.

10. திருமணப் பதிவில் உறவுமுறை விலக்கு அளித்ததாக எழுதியிருந்தால் விடாதீர்கள். இரண்டாம் படி என்றால் இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி. மூன்றாம் படி என்றால் ஒரே கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி. நீங்கள் வரைந்த படத்தில் அந்தப் பொது மூதாதையர் இல்லையென்றால், எங்கோ ஒரு கிளை தவறாக ஒட்டியிருக்கிறது.