கைபேசியில் படித்த முதலுதவி கைக்கு வருமா?

கேள்வி:

ஐயா, நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறேன். கண்டெய்னர்களைக் கம்பி மாட்டி இறுக்கும் லாஷிங் ஆட்கள், டிரெய்லர் டிரைவர்கள், ஒர்க்‌ஷாப் ஆட்கள் என்று மொத்தம் 60 பேர், மூன்று ஷிப்ட். எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுக்கும்படி எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம், கைபேசியிலேயே இரண்டு மணி நேரத்தில் முடித்து அன்றே சான்றிதழ் தருவதாகச் சொல்கிறது. இன்னொரு பயிற்சியாளர், இரண்டு முழு நாள் நேரில் வந்தாக வேண்டும் என்கிறார். அத்தனை பேரை இரண்டு நாள் விட முதலாளி சம்மதிக்கவில்லை. ஆட்களில் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் பேசுகிறவர்கள் கலந்திருக்கிறார்கள். ஆன்லைன் சான்றிதழ் மட்டும் போதுமா? இரண்டையும் சேர்த்து நடத்தலாமா? எப்படிப் பிரிப்பது?

– பெயர் வேண்டாம், விழிஞ்ஞம்

பதில்:

ஆன்லைன் சான்றிதழ் மட்டும் போதாது. அதே சமயம், 60 பேரையும் இரண்டு நாள் உட்கார வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் புரிந்துகொள்ளக் கூடியதைக் கைபேசிக்குத் தள்ளிவிடுங்கள். கையால் செய்து பழக வேண்டியதற்கு மட்டும் ஆட்களை நேரில் கூட்டுங்கள். இது செலவை மிச்சப்படுத்த யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி அல்ல. உயிர் மீட்பு சிகிச்சையில் உலக நாடுகளின் அமைப்புகள் சேர்ந்து இயங்கும் ஐ.எல்.சி.ஓ.ஆர். என்ற குழு, வசதி இருக்கும் இடங்களில் இப்படிக் கலந்து கற்பிப்பதையே பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்புத் துறையும் பாடத்தை ஆன்லைனில் படிக்க இடம் கொடுக்கிறது; செய்முறையை மட்டும் நேரில் நடத்தும்படி வலியுறுத்துகிறது.

செய்முறையில் மட்டும் ஏன் இத்தனை பிடிவாதம்? இதயம் நின்று விழுந்தவருக்கு மார்பை அழுத்தும்போது 5 சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். இந்த எண்களை வீடியோ பார்த்தவர் தப்பில்லாமல் ஒப்பிப்பார். பயிற்சிப் பொம்மை முன் மண்டியிட வைத்தால், விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் பாதி ஆழம்கூட அழுத்தமாட்டார். எத்தனை பலம் வேண்டும், இரண்டே நிமிடத்தில் கை எப்படித் தளரும், அப்போது அடுத்தவருக்கு எப்படி மாற்றிவிடுவது என்பதெல்லாம் உடம்புக்குத்தான் தெரிய வேண்டும். மூளைக்கு ரத்தம் போகாமல் நான்கைந்து நிமிடம் கடந்தால் மீள முடியாத சேதம் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் யாரும் கைபேசியைத் திறந்து பாடத்தைத் தேடப் போவதில்லை.

கைபேசியில் போக வேண்டியவை: விபத்து நடந்த இடத்தில் முதலில் தன் பாதுகாப்பைப் பார்ப்பது, 108 அல்லது 112-க்கு என்ன சொல்வது, மாரடைப்பு, பக்கவாதம், வெப்பத் தாக்கு இவற்றின் அடையாளங்கள், முதலுதவிப் பெட்டியில் எது எதற்கு, எதைச் செய்யவே கூடாது. தீக்காயத்தில் பேஸ்ட் தடவாமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுவது போன்றவற்றை நல்ல வீடியோ தெளிவாகப் புரிய வைத்துவிடும். பாடம் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக இருக்கட்டும். வேலை நேரத்தில், சம்பளத்தோடு பார்க்க விடுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து அறைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னால், வீடியோ ஓடும், ஆள் தூங்குவார்.

நேரில் நடக்க வேண்டியவை: மார்பு அழுத்தம், வாய் வழியாகக் காற்று ஊதுவது, இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியை ஒட்டி இயக்குவது, பெருகும் ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, கை கால் நசுங்கி ரத்தம் நிற்காதபோது இறுக்குக் கட்டுப் போட்டு நேரத்தைக் குறித்து வைப்பது, மூச்சுள்ள ஆனால் நினைவில்லாத ஆளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பது, தொண்டையில் அடைத்ததை வெளியேற்றுவது. மூன்று நான்கு பேருக்கு ஒரு பொம்மை என்ற கணக்குக்கு மேல் போகாதீர்கள். சரியான ஆழம் போனால் ‘க்ளிக்’ என்று சத்தம் போடும் பொம்மையாகக் கேளுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடச் சுற்று குறைந்தது இரண்டு செய்ய வேண்டும். ஒருவர் செய்ய இருபது பேர் வேடிக்கை பார்ப்பது செய்முறை ஆகாது. அதற்கு வீடியோவே போதும்.

விழிஞ்ஞத்துக்கென்று ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரைக்கு அருகிலேயே இயற்கையாக 18 மீட்டருக்கு மேல் ஆழம் கிடைப்பதால்தான் 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் ‘சான் பெர்னாண்டோ’ இங்கே வந்து நின்றது. உங்கள் ஆட்களுக்கு அந்த ஆழத்தின் பொருள் வேறு: துறை விளிம்பில் கால் தவறினால் நிலைகொள்ள இடமில்லை. பல பொதுப் பாடங்கள், காற்று ஊதுவதை விட்டுவிட்டு மார்பு அழுத்தத்தை மட்டும் கற்பிக்கின்றன. நம் நாட்டிலும் பொதுமக்களுக்கு அந்த எளிய முறையே பரவலாகச் சொல்லித்தரப்படுகிறது. திடீரென்று இதயம் நின்று விழுகிற பெரியவருக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் நீரில் மூழ்கியவருக்கு இதயம் நின்றதே பிராணவாயு இல்லாமல்தான். அவருக்குக் காற்றுதான் முதல் மருந்து. ஐரோப்பிய வழிகாட்டுதல் முதலில் 5 மூச்சு ஊதச் சொல்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் 2. அதன் பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எந்த முறையானாலும் சரி, உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே முறையைக் கற்கட்டும். ஊதுவதற்கு ஒருவழி அடைப்பான் உள்ள முகமூடி ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கட்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியே எடுப்பதும், தலைகீழாகத் தூக்குவதும் கடலோரத்தில் இன்னும் நடக்கின்றன. இரண்டும் நேரத்தைத் தின்னும். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகவும் வழி செய்யும். பயிற்சியில் இதைப் பேர் சொல்லித் தடுக்க வேண்டும். மூழ்குகிறவரைப் பார்த்ததும் குதிப்பதற்கு முன்பு மிதவை வளையத்தையும் கயிற்றையும் எறிவதற்கு, துறையில் வைத்தே பழக்குங்கள்.

இன்னொன்று, கப்பலின் மூடிய அறைகள். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். நெடுநாள் மூடிக் கிடந்த அறைக்குள் இறங்குகிறவர் எந்த வாசனையும் உணராமலே சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிற அடுத்தவரும் சாய்வார். வெளியே நின்று ஆபத்தை அறிவித்து, சுவாசக் கருவியோடு வரும் மீட்புக் குழுவைக் கூப்பிடுவதுதான் அங்கே முதலுதவி. தோழன் விழுவதைப் பார்த்துக்கொண்டு இறங்காமல் நிற்பது மனத்துக்குக் கடினமான காரியம். அதனால்தான் இதைப் பாடமாகச் சொல்வதோடு விடாமல், நடித்துக்காட்டிப் பழக்கச் சொல்கிறேன்.

இனி உங்கள் 60 பேருக்கான கணக்கு. எல்லோரையும் ஒரே அளவுக்குப் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. 60 பேரும் ஒன்றரை மணி நேரம் கைபேசியில் படிக்கட்டும். பிறகு 12 பேர் கொண்ட ஐந்து குழுக்களாக, குழுவுக்கு இரண்டு மணி நேரம் நேரில் பழகட்டும். ஷிப்ட் மாறும் நேரத்தை ஒட்டி வைத்தால் வேலை நிற்காது. ஷிப்டுக்கு நான்கு பேர் வீதம் 12 பேரைப் பொறுப்பாளர்களாகத் தேர்ந்தெடுங்கள். விடுப்பும் வார ஓய்வும் போக எந்த நேரமும் இருவராவது களத்தில் இருப்பார்கள். அந்த 12 பேருக்கு மூன்று மணி நேரம் கைபேசியில், ஒரு முழு நாள் நேரில். அவர்களையும் இரண்டு குழுவாகப் பிரித்து அனுப்பினால் முதலாளிக்குச் சிரமம் குறையும்.

ஷிப்டுக்கு ஆள் என்பது என் சொந்த யோசனை மட்டுமல்ல. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்றது. மாநில அரசு அங்கீகரித்த முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர் வேலை நேரம் முழுவதும் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாகக் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தையும் 1986-ன் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டத்தையும் உள்ளடக்கிய 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்தின் சான்றிதழ் ஏற்கப்படுமா என்று கேரளத் தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்திடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: செய்முறைத் தேர்வை யார் பார்த்து மதிப்பிடுகிறார்? தேர்வில் தவறியவருக்கு மறுபடி பழக வாய்ப்பு உண்டா? நீரில் மூழ்கியவருக்கான முறை பாடத்தில் இருக்கிறதா? வீடியோவை ஓட்டிவிட்டாலே சான்றிதழ் தருகிறவர்கள் முதல் கேள்விக்கே பதில் சொல்லமாட்டார்கள்.

மொழி விஷயத்தில் கைபேசி உங்களுக்குப் பெரிய உதவி. நேரில் ஒரு பயிற்சியாளர் நான்கு மொழியில் பேச முடியாது. பாடத்தை நான்கு மொழியில் பதிவு செய்யலாம். எழுத்து அதிகம் இல்லாமல் படமும் குரலுமாக இருக்கட்டும். கேள்விகளையும் குரலிலேயே கேட்கட்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் அதனால் பின்தங்கக் கூடாது. செய்முறைக் குழுக்களைத் தாய்மொழிப்படி பிரிக்காமல், ஒன்றாக வேலை செய்யும் ஆட்களையே ஒன்றாக நிறுத்துங்கள். நிஜத்தில் வங்காளத் தொழிலாளி மார்பை அழுத்த, தமிழ் டிரைவர் போன் செய்ய வேண்டிவரும். ‘மாறு’, ‘நிறுத்து’, ‘ஆம்புலன்ஸ்’ போன்ற ஏழெட்டுச் சொற்களை எல்லோருக்கும் பொதுவாக முடிவுசெய்து பழக்கிவிடுங்கள்.

கற்ற கை சீக்கிரம் மறக்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அழுத்தத்தின் தரம் குறைந்துவிடுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சான்றிதழ் பல ஆண்டு செல்லும் என்பதற்காகக் கையும் அத்தனை ஆண்டு தாங்காது. ஒரு பொம்மையைச் சொந்தமாக வாங்கி ஷிப்ட் கூடும் இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம். இடையில் கைபேசிக்கு ஒரு சிறு வீடியோவும் இரண்டு கேள்வியும் அனுப்புங்கள்.

ஆண்டுக்கு இரு தடவையாவது முழு ஒத்திகை நடத்துங்கள். ஆள் விழுந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் அவர் அருகே வந்து நிற்கும்வரை நேரம் குறியுங்கள். துறைமுக வாசலில் பாஸ் கேட்டு வண்டி நின்றால் மற்ற எல்லாம் வீணாகும். யார் வாசலுக்கு ஓடி வழிகாட்டுவது என்று பெயர் குறித்து வையுங்கள். கடலில் நடந்த விபத்து என்றால், 2020-ல் தொடங்கிய ‘பிரதீக்ஷா’ கடல் ஆம்புலன்ஸ் விழிஞ்ஞத்தையே தளமாகக் கொண்டது. அதை அழைக்கும் வழியை மீன்வளத் துறையிடம் கேட்டு, எண்ணைப் பெட்டி மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

முதலாளியிடம் பேசும்போது இந்தக் கணக்கோடு போங்கள்: இரண்டு நாள் கேட்ட இடத்தில், பெரும்பாலானோருக்கு மூன்றரை மணி நேரம்தான் கேட்கிறீர்கள். அதிலும் குறைக்கச் சொன்னால் கைபேசிப் பாடத்தைச் சுருக்குங்கள். பொம்மையோடு பழகும் இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.