படத்தைத் திறந்ததும் ஒருமுறை பாருங்கள்

இயந்திரக் கற்றல் வேலையில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வாரமே ஒரு ஃபோல்டர் நிறையப் படங்களைக் கொடுத்து, "இதையெல்லாம் லோட் பண்ணி வைங்க" என்பார்கள். ஒரு வரி நிரல்தான். ஆனால் பலருக்கு அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வரியிலேயே கரைந்துவிடுகிறது. மாடல் சரியில்லை என்று மாடலை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு, படம் உள்ளே நுழைந்த வாசலிலேயே இருக்கும்.

பைத்தானில் பெரும்பாலும் பில்லோ அல்லது ஓபன்சிவி கொண்டுதான் படத்தைத் திறக்கிறோம். எதில் திறந்தாலும் கடைசியில் கையில் இருப்பது நம்பை அரே, அதாவது எண்களின் அணி. பில்லோ வழியாக வரும் வண்ணப் படத்தில் நிறங்கள் வழக்கமாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் இருக்கும். ஓபன்சிவியில் நீலம், பச்சை, சிவப்பு. ஒன்றில் திறந்து மாடலுக்குப் பயிற்சி கொடுத்து, மற்றொன்றில் திறந்து சோதித்தால் எந்த எரரும் வராது. தக்காளி நீலமாகியிருக்கும், அவ்வளவுதான். திரையில் வரைந்து பார்த்தவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். பார்க்காதவருக்குத் துல்லியம் ஏன் குறைகிறது என்பது கடைசிவரை புரியாது.

கோப்பின் பாதை தவறாக இருந்தாலும் ஓபன்சிவியின் இம்ரீட் நிரலை நிறுத்தாது. படத்துக்குப் பதில் 'நன்' என்ற வெறுமையைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பத்து வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் நிரல் விழும். திறந்த அடுத்த வரியிலேயே 'நன்' வந்திருக்கிறதா என்று சோதியுங்கள்.

போனில் எடுத்த படங்களில் இன்னும் கவனம் வேண்டும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைக்கூடப் பல போன்கள் படுக்கை வாக்கில் சேமித்து, எப்படித் திருப்ப வேண்டும் என்பதை எக்சிஃப் குறிப்பில் எழுதிவைக்கின்றன. ஓபன்சிவி வழக்கமாக அதைப் படித்துத் தானே திருப்பிவிடும். பில்லோவில் நாம்தான் எக்சிஃப் டிரான்ஸ்போஸைக் கூப்பிட வேண்டும். நான் இருந்த ஒரு குழுவில், படத்தில் உள்ள பொருளைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து பொறுமையாக வரைந்த கட்டங்கள் எல்லாம் அதை விட்டு விலகி விழுந்தன. இரண்டு நாள் தேடினோம். குறித்தவர்கள் பார்த்தது நிமிர்ந்த படம், எங்கள் நிரல் திறந்தது சாய்ந்த படம். பாவம், வரைந்தவர்கள்மேல் பழி விழுந்திருந்தது.

எண்ணின் வகையையும் பாருங்கள். வழக்கமாக வருவது 8 பிட் முழு எண், 0 முதல் 255 வரை. வெளிச்சம் கூட்டலாம் என்று 200 உள்ள பிக்சலோடு 100 கூட்டினால் நம்பையில் 300 வராது, 44 வரும். பளிச்சென்று ஆக வேண்டிய இடம் கறுத்துப்போகும்.

நினைவகக் கணக்கு இன்னும் முக்கியம். 4000க்கு 3000 பிக்சல் வண்ணப் படம் ஒன்று திறந்ததும், மூன்று நிறத்துக்கும் சேர்த்து 3.6 கோடி எண்கள், 36 எம்பி. கோப்பு சில எம்பிதானே என்று ஏமாற வேண்டாம், அது சுருக்கப்பட்ட அளவு. அப்படியே 255ஆல் வகுத்தால் நம்பை அதை 64 பிட் தசம எண்ணாக்கிவிடும்: 288 எம்பி. இப்படி நூறு படம் என்றால் ஆபீஸ் லேப்டாப் திணறிவிடும். முதலில் தேவையான அளவுக்குச் சுருக்குங்கள். 32 பிட் தசம எண்ணுக்கு மாற்றிய பிறகே வகுங்கள்.

நம்பை அரேயிடம் ஷேப் கேட்டால் உயரம் முன்னால், அகலம் பின்னால். பில்லோவின் சைஸ் நேர்மாறு. பிஎன்ஜியில் நான்காவது சேனலும் ஒட்டிக்கொண்டு வரலாம், ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரே ஃபங்ஷனில் எழுதி, குழுவில் எல்லோரும் அதன் வழியாகவே படத்தைத் திறக்கும்படி செய்யுங்கள். ரிவ்யூவுக்கு அனுப்பும்போது, லோட் ஆன படங்களில் ஒன்பதைத் திரையில் வரைந்து, அதையும் சேர்த்து அனுப்புங்கள். புதிதாக வருபவரிடம் நான் முதலில் கேட்பது அந்த ஒன்பது படங்களைத்தான்.