அட்டகாமாவில் 66 ஆன்டெனாக்கள்

அன்புள்ள யாழினிக்கு,

பெரிய ஆடி வைத்த தொலைநோக்கி ஒன்று இருந்தால் கோள் பிறப்பதைப் பார்த்துவிடலாமே என்று கேட்டிருந்தாய். ஆடியின் அளவு அப்புறம். எந்த ஒளியில் பார்ப்பது என்பதுதான் முதல் கேள்வி. இளம் விண்மீனைச் சுற்றும் தூசு வட்டில்தான் கோள்கள் திரள்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அந்தத் தூசு மறைத்துவிடும். ஆனால் குளிர்ந்த அதே தூசு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீள அலையாகத் தானே மெல்லக் கதிர்வீசுகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள அல்மா தொலைநோக்கி அந்த அலைகளைத்தான் பிடிக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்த அலை கண் காணும் ஒளியைவிடச் சுமார் 2,000 மடங்கு நீளம். 8 மீட்டர் ஆடியின் கூர்மை இதில் வேண்டுமானால் 16 கிலோமீட்டர் அகலம் தேவை. அப்படி ஒன்றை யார் கட்டுவது? அதனால் பிரித்துக் கட்டினார்கள். 12 மீட்டரில் 54, 7 மீட்டரில் 12, ஆக 66 ஆன்டெனாக்கள். 16 கிலோமீட்டர் வரை பரப்பி, அவை பிடிக்கும் அலைகளை இரண்டிரண்டாகக் கணினியில் பொருத்தினால் அந்தக் கூர்மை கிடைத்துவிடும். கூர்மை மட்டும்தான், சேரும் ஒளி 66 கிண்ணங்களின் பரப்புக்குத் தக்கபடிதான். இதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஆன்டெனாக்களை அகலப் பரப்பினால் நுணுக்கம் தெரியும், விரிந்த மங்கலான பகுதிகள் தவறிவிடும். அதற்காக அவற்றை இடம் மாற்றுகிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 டன். தூக்கிச் செல்ல 28 சக்கர வண்டிகள் இரண்டு இருக்கின்றன.

அடுத்த எதிரி நீராவி. அது அலையை விழுங்கும், தாமதப்படுத்தவும் செய்யும். 5,000 மீட்டர் உயரத்துக்கு ஏறியது அதற்காகத்தான். அங்கும் மிஞ்சும் நீராவியை 12 மீட்டர் ஆன்டெனாக்களிலுள்ள கருவிகள் அளந்துகொண்டே இருக்கும். தாமதத்தைக் கணக்கில் திருத்துவார்கள். மனிதருக்கு மூச்சு முட்டும் உயரம் என்பதால் கட்டுப்பாட்டு அறை 2,900 மீட்டரில்.

2014இல் அல்மாவின் படத்தில் எச்.எல். டௌரி என்ற இளம் விண்மீனின் வட்டில் வளையங்களும் இருண்ட இடைவெளிகளும் தெரிந்தன. அந்த விண்மீனின் வயது பத்து லட்சம் ஆண்டுகூட இருக்காது என்கிறார்கள். அங்கே இத்தனை சீக்கிரம் அப்படி ஓர் அமைப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. கோள் தூசைத் துடைத்ததால் இடைவெளி வரலாம், ஆனால் இடைவெளி இருந்தாலே கோள் இருக்கிறது என்று ஆகாது. பி.டி.எஸ். 70 விண்மீனின் இடைவெளியில் ஒரு கோளை 2018இல் நேரடியாகக் காட்டியது அல்மா அல்ல, அகச்சிவப்பு ஒளியில் பார்த்த, 8.2 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி.

எச்.எல். டௌரி படத்தில் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய அளவே, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. பூமி போன்ற ஒன்று திரளும் இடத்தைப் பிரித்துக் காட்ட எத்தனை கிலோமீட்டர் வேண்டும்? கணக்குப் போட்டு எழுது.

அன்புடன்,
சித்தப்பா