தேகாப்பியாசத்துக்கும் ஒரு மருந்துச்சீட்டு

"நாள் முழுதும் உழைக்கும் எங்களுக்குத் தேகாப்பியாசம் எதற்கு?" என்று அங்கத்தினர் நம்மிடம் கேட்பதுண்டு. விவசாயிகளைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானதே. மண்வெட்டி பிடிப்பதும் களை எடுப்பதும் உடலியக்கமே என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்கின்றது. ஆனால் குழித்தறியில் அமர்ந்திருப்பவர் நிலை வேறு. அவருக்குக் கையும் காலும் ஓடுகின்றன. உடல் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. முன்னாளில் பாவடியில் பாவை நீட்டி, கஞ்சி தோய்த்து, இழை திருத்தி மேலும் கீழும் நடந்தனர். ஆயத்தப் பாவு வந்தபின் பல ஊர்களில் அந்த நடையும் போயிற்று.

உட்கார்ந்த தொழிலின் விளைவை 1953ஆம் ஆண்டு லண்டனில் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். இரட்டைத் தட்டுப் பஸ்களை அமர்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது.

இவை தெரிந்தும் நாம் நடப்பதில்லை. "நன்றாக நடங்கள்" என்னும் வைத்தியரின் வாய்மொழி வாசற்படி தாண்டுமுன் மறந்துவிடுகின்றது. நியூஜிலாந்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். இன்ன அப்பியாசம், இவ்வளவு நேரம் என்று நோயாளியுடன் கலந்து பேசி, மருந்து எழுதுவதுபோல் சீட்டில் எழுதிக் கொடுத்தனர். பின்பு மூன்று மாத காலம் தொலைபேசியில் விசாரித்தும் வந்தனர். 878 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2003இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின், வாரம் இரண்டரை மணி நேர அப்பியாசத்தை எட்டியவர் தொகை, சீட்டுப் பெற்ற பிரிவில் மற்றப் பிரிவைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர் கூடுதலாக உயர்ந்தது. இது அற்பமெனச் சிலர் கருதலாம். கடன் வசூல் கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு நூற்றுக்குப் பத்தின் அருமை தெரியும்!

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. சர்க்கரை நோயின் எல்லையில் நின்ற 531 பேரை அவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேரை நோய் பற்றியது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டு, தொடர்ந்து விசாரிக்கப்பட்ட பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது.

ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையம் செல்லும் அங்கத்தினர், தமக்குத் தகுந்த நடையின் அளவைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வயது வந்தோருக்கு வாரம் 150 நிமிஷமேனும் மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. சிக்கன நிதியைப் போல் இதையும் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். நேரமும் இடமும் முன்பே குறித்துக்கொள்ளுதல் அவசியம்: மதிய உணவுக்கு எழும்போது பாவடியை இருமுறை சுற்றுவது, கூலி நாளில் மொபெட்டை வீட்டில் விட்டுவிட்டு வருவது என்பனபோல. பக்கத்துத் தறிக்காரரையும் உடன் அழைத்தால் நாள் தவறாது. நூல் வழங்கும் நாளில் காரியதரிசி, "இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவரலாம். இதற்குத் தணிக்கை இல்லை என்று நாம் உறுதி கூறுகிறோம்!

நடக்கையில் மார்பு வலியோ மூச்சுத் திணறலோ காண்பவர் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர் வெறுங்காலோடு நடத்தல் ஆகாது.