கிராம்பில் தொடங்கிய பாடம்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே எங்கள் பக்கம் சாரலும் தொடங்கிவிடும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். சீசன் களைகட்டிவிட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் பலருடைய வீடுகளில் ஓய்வே இருக்காது. ஒருவன் வீட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுவார்கள். இன்னொருத்தியின் அம்மா ஐந்தருவிப் பாதையில் பழக்கூடையோடு உட்கார்ந்திருப்பார். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா பேரருவிக்குப் போகும் வழியில் பாப்கார்ன் வண்டி வைத்திருக்கிறார்.

அந்த வகுப்பில் உணவுக் கலப்படம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்தியிலிருந்து தொடங்கினேன். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், அடுத்துத் தமிழ்நாட்டிலும் நிறமேற்றிய பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. ஆய்வில் ரோடமைன்-பி கண்டறியப்பட்டதே காரணம். துணிக்கு ஏற்றும் சாயம் அது. இதுவரை சரிதான். முடிக்கும்போது ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டேன்: “கலர், எசன்ஸ் எல்லாமே கெமிக்கல்தான். வாங்கிச் சாப்பிடாதீங்க.”

பாப்கார்ன் வண்டிக்காரரின் மகன் எழுந்து நின்றான். “எங்க அப்பா வெண்ணெய் எசன்ஸ் ஊத்தித்தான் டீச்சர் பொரிக்காவ. பாட்டில்ல லைசென்ஸ் நம்பர் எல்லாம் போட்டிருக்கு. அப்போ எங்க அப்பா விஷமா விக்காவ?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. என்னிடமும் பதில் இல்லை. “நாளைக்குச் சொல்றேன், உட்காரு” என்றேன்.

அதே வாரம் இடைவேளையில் பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. “அது புகையே இல்லல. வெறும் ஆவி. உள்ள இருக்கிறது பழ எசன்ஸ். ஐஸ்கிரீம்ல போடுததுதான்.” மின்சிகரெட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

அன்றிரவு இரண்டையும் சேர்த்து யோசித்தேன். ‘எசன்ஸ் எல்லாம் விஷம்’ என்று நான் சொன்னதும், ‘சாப்பிடுகிற எசன்ஸ்தானே, இழுத்தால் என்ன?’ என்று அவர்கள் சொன்னதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். ஒரு பொருளைப் பற்றி எதையும் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். எல்லாவற்றையும் விஷம் என்று சொல்லும் ஆசிரியரின் பேச்சை, உண்மையிலேயே விஷமானது எதிரே வரும்போது பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆகவே பாடத்தைத் திருப்பி நடத்தினேன். நான்கு பாடவேளைகள் ஆயின. அந்த வகுப்புகளில் நடந்ததைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் கேள்வி: எது?

ஆளுக்கொரு கிராம்பு கொடுத்தேன். “எங்க ஆச்சி பல்வலின்னா இதைத்தான் அடக்கிக்கிடுவாவ” என்றாள் ஒருத்தி. குற்றாலம் மலைத் தோட்டங்களில் விளையும் பொருள் என்பதால் அறிமுகம் தேவைப்படவில்லை. முகர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த மணத்துக்குரிய சேர்மத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன்: யூஜினால். பத்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. கிராம்பிலிருந்து வடித்தாலும் ஆலையில் தயாரித்தாலும் மூலக்கூறு ஒன்றே. கெமிக்கல் என்பது வசவுச் சொல் இல்லை என்பது இந்த இடத்தில் புரிந்துவிடும்.

மறுபக்கத்தையும் உடனே சொல்லிவிட வேண்டும். இயற்கையில் கிடைப்பது என்பதே நற்சான்றிதழ் ஆகாது. நம் வீடுகளில் பழகிய வசம்பில் பீட்டா-அசரோன் என்ற சேர்மம் இருக்கிறது. உணவில் சுவையூட்டியாகச் சேர்க்கக் கூடாதவை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகள் தரும் பட்டியலில் அது இருக்கிறது. சாஸஃப்ராஸ் மரத்தில் கிடைக்கும் சாஃப்ரோலும் அதே பட்டியலில் உண்டு.

செயல்பாடு: காலி உணவு உறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். இயற்கைச் சுவையூட்டி, இயற்கையை ஒத்த சுவையூட்டி, செயற்கைச் சுவையூட்டி என்று மூன்று குவியலாகப் பிரித்தார்கள். 14 இலக்க உரிம எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார்கள். ரோடமைன்-பியின் குற்றம் என்ன என்பது இப்போது அவர்களுக்கே விளங்கியது. உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட நிறங்களின் பட்டியலிலேயே அது இல்லை.

இரண்டாம், மூன்றாம் கேள்விகள்: எவ்வளவு? எவருக்கு?

உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1956 முதல் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான கூட்டு நிபுணர் குழு ஒன்றை நடத்துகின்றன. ஒரு பொருளை விலங்குகளுக்கு வெவ்வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்து, தீங்கு எதுவும் தென்படாத அளவைக் கண்டறிகிறார்கள். பொதுவாக அதை 100-ஆல் வகுக்கிறார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு பத்து. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு பத்து. கிடைப்பது ‘ஏற்கத்தக்க நாள் அளவு’. வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் கவலைப்பட வேண்டாத அளவு என்பது அதன் பொருள். ஒரு நாள் அதைத் தாண்டினால் உடனே நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

யூஜினாலுக்கு இக்குழு 1982-இல் குறித்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை. இனி கணக்கு:

30 கிலோ மாணவருக்கு: 30 × 2.5 = 75 மி.கி.
ஒரு கிராம்பு ஏறத்தாழ 100 மி.கி. அதில் எண்ணெய் சுமார் 15 மி.கி. அந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு யூஜினால் என்று கொண்டால் 12 மி.கி. ஆக, ஆறு கிராம்பு.
கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு சுமார் 50 மி.கி. அதில் யூஜினால் 40 மி.கி. ஆக, இரண்டு சொட்டுக்கும் குறைவு.

“ஒரு டீஸ்பூன் எண்ணெய்னா?” என்று கேட்டேன். 5 மில்லிலிட்டர், ஏறத்தாழ 100 சொட்டு, 4,000 மி.கி. அந்த மாணவரின் 53 நாள் அளவு! “வீட்டில் 10 கிலோ எடையுள்ள தம்பி, தங்கை இருந்தால்?” அவர்களுக்கு நாளளவு 25 மி.கி.; ஒரு டீஸ்பூன் என்பது 160 நாள் அளவு. கிராம்பு எண்ணெயைத் தவறுதலாகக் குடித்துவிட்ட சின்னஞ்சிறு குழந்தைகளின் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. பிரியாணியில் கிடக்கும் கிராம்பும், அலமாரியில் எட்டும் உயரத்தில் இருக்கும் எண்ணெய்ப் புட்டியும் ஒரே சேர்மத்தைக் கொண்டவைதாம். அளவும் ஆளும் மாறும்போது விடையும் மாறிவிடுகிறது. மறுநாள் மூன்று பேர், “எண்ணெய் பாட்டிலை மேல்தட்டுக்கு மாத்திட்டோம் டீச்சர்” என்றார்கள். இந்த ஆண்டு நான் நடத்திய பாடங்களில் அன்றைக்கே பலன் தந்தது இதுதான்.

நான்காம் கேள்வி: எவ்வழி?

கண்களை மூடச் சொல்லிவிட்டு, மேசைமேல் சிறு உரலில் நாலைந்து கிராம்பை இடித்தேன். மணம் வந்ததும் கையைத் தூக்க வேண்டும். முன்வரிசைக் கைகள் முதலில், கடைசி வரிசைக் கைகள் கடைசியில் உயர்ந்தன. விரவுதலை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. “மணம் தெரிந்ததென்றால் மூலக்கூறு உங்களுக்குள் வந்துவிட்டது. எந்த வழியாக?” என்று கேட்டேன்.

வாய் வழியாகப் போனால் செரிமானம் உண்டு. குடலில் உறிஞ்சப்பட்டது முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பல பொருள்கள் சிதைக்கப்படுகின்றன. மூச்சு வழியாகப் போனால் அப்படி ஒரு காவல் இல்லை. நுரையீரலின் காற்றுப்பைகளைப் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும். அந்தச் சுவரோ மிக மெல்லியது.

இதற்குச் சான்று வெண்ணெய் மணத்திலேயே இருக்கிறது. டையசெட்டைல் என்பது வெண்ணெயில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் சேர்மம். சுவையூட்டியாக உண்பதற்கு ஏற்கப்பட்டது. 2000-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர் எட்டுப் பேருக்கு நுண் மூச்சுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்கும் அரிய நோய் இருப்பது தெரியவந்தது. பாப்கார்னைத் தின்றவர்களுக்கு வந்த நோயன்று அது. சூடான எண்ணெயில் சுவையூட்டியைக் கலக்கும் தொட்டியின் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்கள்தாம் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். டையசெட்டைலின் கொதிநிலை சுமார் 88 டிகிரி செல்சியஸ். சூடான எண்ணெயில் எளிதில் ஆவியாகிவிடும்.

உண்பதற்குப் பாதுகாப்பானது என்ற சான்று சுவாசிப்பதற்குச் செல்லாது. கரும்பலகையில் இதைப் பெரிதாக எழுதினேன். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-இல் சுவையூட்டிய 51 மின்சிகரெட் வகைகளைச் சோதித்தபோது 39-இல் டையசெட்டைல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ‘ஐஸ்கிரீம்ல போடுததுதான்’ என்ற வாதத்துக்கு இதுவே பதில்.

பிள்ளைகள் சேர்த்த ஐந்தாம் கேள்வி: கூட என்ன?

நான் எழுதிவைத்திருந்தது நான்கு கேள்விகள்தாம். “பாட்டில்ல எழுதியிருக்கிறது மட்டும்தான் உள்ள இருக்குன்னு யாருக்கு டீச்சர் தெரியும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுடைய கேள்வியையும் தாளில் ஐந்தாவதாக எழுதிக்கொண்டோம்.

2019-இல் அமெரிக்காவில் இளைஞர் பலர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். 2020 பிப்ரவரி நடுப்பகுதி வரை பதிவானவர்கள் 2,807 பேர், இறப்பு 68. பெரும்பாலோர் கஞ்சாச் சாறு கலந்த திரவத்தை மின்சிகரெட்டில் இழுத்தவர்கள். 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த 99 நலமானவர்களில் ஒருவரிடமும் இல்லை. சத்து மாத்திரையிலும் தோலுக்குப் பூசும் களிம்பிலும் இருக்கும் பொருள்தான் அது. கள்ளச் சந்தையில் கஞ்சாச் சாற்றை நீர்க்கச் செய்யவும், கெட்டியாகக் காட்டவும் சேர்த்திருக்கிறார்கள். இழுத்தவருக்கு அது இருப்பதே தெரியாது.

கிராம்பிலும் மிளகிலும் உள்ள பீட்டா-காரியோஃபிலின் என்ற மணப்பொருள் கஞ்சாச் செடியிலும் உண்டு. அந்த மணத்தால் கிராம்பு போதை தருவதில்லை. அந்த மணம் இருப்பதால் கஞ்சா மசாலாப் பொருள் ஆகிவிடுவதும் இல்லை. சட்டத்துக்கு வெளியே விற்கும் பொருளுக்கு உரிம எண் இல்லை, பரிசோதனை இல்லை, ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் விற்பவர் விடை சொல்லப்போவதில்லை.

ஆசிரியர்கள் கவனிக்க

இப்பகுதியை நடத்தும்போது கருவியின் படத்தையோ பயன்படுத்தும் முறையையோ காட்ட வேண்டியதில்லை. எவர் பெயரையும் வகுப்பில் சுட்டக் கூடாது. நான் அந்த இரு மாணவர்களையும் அழைத்து விசாரிக்கவில்லை. அவர்கள் வகுப்புக்கும் இதே பாடத்தை நடத்தினேன். ஒரு மாணவர் மனம்விட்டுச் சொன்னால், அதைத் தலைமையாசிரியரோடும் பெற்றோரோடும் அவர் நலன் கருதி மட்டும் பகிர வேண்டும். 14416 (டெலிமானஸ் மனநல உதவி), 1098 (குழந்தைகள் உதவி) எண்களை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். மின்சிகரெட் தயாரிப்பும் விற்பனையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டவை. குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 77-இன்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவல் தண்டனை உண்டு. சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பது கொடுத்தவரைத்தான் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் தயங்காமல் பேசுவார்கள்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. ‘இயற்கையானது, எனவே பாதுகாப்பானது’ – ஒரு சான்று காட்டி மறுக்க.
2. 40 கிலோ எடையுள்ளவருக்கு யூஜினாலின் ஏற்கத்தக்க நாள் அளவு என்ன?
3. உண்ண ஏற்ற ஒரு சுவையூட்டி சுவாசிக்கும்போது தீங்கு செய்வது ஏன்?
4. உங்கள் ஊர்க் கடையில் விற்கும் ஒரு பொருளுக்கு ஐந்து கேள்விகளையும் கேட்டு எழுதுக.

நான்காவது வினாவுக்குப் பாப்கார்ன் வண்டிக்காரரின் மகன் அப்பாவின் எசன்ஸ் பாட்டிலையே எடுத்துக்கொண்டான். எது என்பதற்கு லேபிளைப் பார்த்து எழுதியிருந்தான். உரிம எண் இருந்தது. எவ்வளவு என்பதற்கு, அப்பா மூடியால் அளக்காமல் கண்ணளவில் ஊற்றுவதாக எழுதி, இனி அளந்து ஊற்றச் சொல்லியிருப்பதாகவும் குறித்திருந்தான். எவ்வழி என்ற இடத்தில், “வாங்குகிறவர்கள் சாப்பிடுகிறார்கள். அப்பா சட்டிக்கு மேல் குனிந்து நின்று ஆவியை மூச்சில் வாங்குகிறார்” என்று எழுதியிருந்தான்.

ஆலைத் தொட்டியின் அளவும் வண்டிச் சட்டியின் அளவும் ஒன்றல்ல, பயப்பட வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். “இருந்தாலும் டீச்சர், காத்து வர்ற பக்கமா நின்னு, முகத்தை விலக்கிக்கிட்டு ஊத்தச் சொல்லிட்டேன். அப்பா சரின்னுட்டாவ” என்றான்.

வகுப்பில் அன்று அவன் கேட்ட கேள்விக்கு நான் தந்திருக்க வேண்டிய பதிலை அவனே கண்டுபிடித்துவிட்டான்.