நோன்புச் சந்தைக் கடைக்காரர்களுக்கு ஒரு துணைத் தொழில்



ரமலான் மாதம் பிறந்துவிட்டால் மலேசியாவின் பட்டணங்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பலகாரக் கடைகள் வரிசை பிடிப்பதை நாம் யாவரும் அறிவோம். கோலாலம்பூரில் கம்போங் பாரு, மஸ்ஜித் இந்தியா வட்டாரச் சந்தைகள் பேர் போனவை. நம் வாலிபர்களில் சிலர், "நாமும் ஒரு கடை போட்டால் என்ன?" என்று நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். கைப்பக்குவம் உள்ளவர்கள் தாராளமாகப் போடட்டும். சமைக்கத் தெரியாதவர்களுக்கு நாம் சொல்லும் வழி வேறு. அந்தக் கடைக்காரர்களுக்கு வேண்டிய ஊழியத்தையே தொழிலாகச் செய்யலாம்.

சந்தை பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத் திறக்கிறது. நோன்பு திறப்பது ஏழேகால், ஏழரை. மெய்யான விற்பனை கடைசி இரண்டு மணி நேரத்தில்தான். அந்நேரத்தில் கடைக்காரர் இடம் விட்டு நகர முடியாது. நமக்குத் தெரிந்த ஒரு சர்பத் கடைக்காரர் ஐந்தரை மணிக்கு ஐஸ் தீர்ந்து, சிறு பையனைக் கடையில் உட்கார்த்திவிட்டுத் தேடிப் போனார். நெரிசலில் சிக்கித் திரும்பியபோது ஆறரை தாண்டிவிட்டது. வந்த ஜனம் அடுத்த கடைக்குப் போய்விட்டது. அன்று அவர் இழந்ததில் நூற்றில் ஒரு பங்கைக் கேட்டிருந்தாலும், ஐஸ் கொண்டுவந்து கொடுப்பவனுக்குச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்.

ஐஸில் கணக்கு முக்கியம். ஒரு கிலோ ஐஸ் முழுதும் உருகினால், 30 டிகிரி சூட்டிலுள்ள மூன்று லிட்டர் பானத்தைச் சுமார் 5 டிகிரிக்குக் கொண்டுவரும். ஆகவே 60 லிட்டர் சர்பத்துக்கு 20 கிலோ போதும். ஆனால் திறந்த வெளியில் மூன்று மணி நேரம் குளிர்ச்சி நிற்க வேண்டுமே! இன்னொரு 10 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். உருகிய ஐஸ் பானத்தை நீர்க்கச் செய்யும் என்பதால், சீனிப்பாகைக் கொஞ்சம் கெட்டியாகவே காய்ச்சும்படி கடைக்காரருக்குச் சொல்லி வைக்கலாம். பத்துக் கடைகள் கிடைத்தால் நாளொன்றுக்கு 300 கிலோ. ஒரு சிறு லோரியும் இரண்டு பையன்களும் போதும்.

இதை நான்கு மணிக்குப் பாதி, ஐந்தரைக்குப் பாதி என்று இரண்டு நடையாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நடைதான் இத்தொழிலின் உயிர். அப்போது லோரி தெருவுக்குள் நுழையாது. ஆதலால் மூடியுள்ள ஐஸ் பெட்டிகளை முன்கூட்டியே கடை வரிசைக்குப் பின்னால், நிழலில், பலகை மேல் வைத்துவிட்டுத் தள்ளுவண்டியில் பங்கிட வேண்டும். மீனோ கோழியோ வைத்த பெட்டியில் குடிக்கும் ஐஸை ஒருபோதும் வைக்கக் கூடாது.

இனி ஒப்பந்தம். மதரஸாவில் இஜாரா பாடம் ஓதியவர்களுக்கு நினைவிருக்கும்: வேலை இன்னது, கூலி இவ்வளவு என்று இரு தரப்பாருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். விற்பனையிலும், சரக்கை ஒப்படைக்கும் முன் அது அழிந்தால் நஷ்டம் விற்றவனைச் சேர்ந்தது. ஐஸுக்கு இது மிகவும் பொருந்தும். தொழிற்சாலையில் நிறுத்த எடைக்குக் காசு வாங்குவது நியாயமன்று. கடை வாசலில் நிறுத்துக் கொடுங்கள். வழியில் உருகியது உங்கள் கணக்கு. அதை எண்ணித்தான் விலை சொல்ல வேண்டும்.

கூலியை மாதக் கணக்கில் பேசாதீர்கள். பிறை 29-இல் தெரிந்தால் ஒரு நாள் கூலிக்குத் தகராறு வரும். நாள் கணக்கே நல்லது. மழை நாளில் கடை திறக்காவிட்டால் லுஹருக்குள் தகவல் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஐஸ் விலை கடைக்காரரைச் சேர்ந்தது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் ஷஅபான் மாதத்திலேயே முடிய வேண்டிய பேச்சு.

இரவில் சட்டி, தேக்சா கழுவிக் கொடுக்கும் வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் தகரத்தில் சேர்த்தால், பயோடீசல் செய்வதற்காக வாங்குவோர் உண்டு. அந்தக் காசு யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சர்க்கார் காரியங்களில் சோம்பல் கூடாது. தீபகற்ப மலேசியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. உணவைக் கையாள்பவர்கள் 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி பயிற்சி பெற்று, டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். ஐஸ் அள்ளும் பையன்களும் இதில் அடக்கம். சந்தை இடத்துக்குள் வேலை செய்ய நகராண்மைக் கழகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ரமலான் ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு முன்னே நகர்கிறது. 1997-இல் நடந்தது போலவே 2030-லும் ஜனவரி தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என இரண்டு ரமலான்கள் தொடங்கும் என்பது வானியல் கணக்கு. கிழக்குக் கரையில் அது அடைமழைக் காலம். கிளந்தான், திரெங்கானு பக்கத்துச் சகோதரர்கள் அப்போது ஐஸை மட்டும் நம்பினால் பெட்டி காலியாகாது. தார்ப்பாயும், சேற்றில் கால் படாமல் தரையில் பரப்பும் மரத்தட்டும் இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தால், நாள் வாடகைக்கு விடலாம். மற்ற பதினொரு மாதமும் பசார் மாலாமுக்கும் கல்யாண வீடுகளுக்கும் அதே சாமான்கள் உதவும்.