சுவர் பழுதும் கொத்தனார் தேர்வும்

கூரை ஒழுகினால் மறுநாளே ஏணி வைத்து ஏறிவிடுகிறோம். சுவரில் ஈரம் ஏறினாலோ வெடிப்பு விழுந்தாலோ, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். சுவரும் உயிரை வாங்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2019 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையின்போது சுமார் 20 அடி உயரமுள்ள சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகளின்மீது சாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர்.

திருப்பூர் வட்டாரத்தில் இக்கவலைக்குத் தனிக் காரணமும் உண்டு. பனியன் கம்பெனிகளுக்கு வேலை தேடி வருவோர் தங்குவதற்காக, உழவர் பலர் தோட்டத்து ஓரங்களில் லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கின்றனர். ஒரே சுவரின் இரு புறமும் இரு குடும்பங்கள் வாழ்கின்றன. அச்சுவரைப் பேணுவது, வாடகை வாங்குவோரின் கடமையாகும்.

காரணத்தை அறியாமல் மேலே பூசுவது, காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் போர்வையைப் போர்த்துவது போன்றதே. ஆகவே கொத்தனாரைத் தேடுமுன் சுவரின் நோயைத் தேட வேண்டும்.

ஈரம்

சுவரில் ஈரம் மூன்று வழிகளில் சேரும். தரையிலிருந்து மேலேறும் ஈரம், அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பட்டையாகத் தெரியும். கூரை அல்லது குழாயிலிருந்து கசியும் ஈரம், ஓரிடத்தில் திட்டாகத் தோன்றும். அறைக்குள் சமையலாலும் துணி உலர்த்துவதாலும் உண்டாகும் ஈரம், காற்றோட்டமில்லாத மூலைகளில் கரும்பூஞ்சையாகப் படரும்.

ஐயமிருப்பின் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் அளவுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். தாளின் உட்புறத்தில் நீர் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் துளிர்த்தால் அறையின் காற்றிலிருந்து வருகிறது. பின்னதற்கு வேண்டியது சன்னலேயன்றிச் சிமெண்டு அன்று.

கம்பெனி அலுவலகங்களில் தடுப்பாக நிறுத்தும் ஜிப்சம் பலகைக்கும் ஈரம் பகையே. நீரில் ஊறிய பலகை உப்பிப் பொடியும். ஊறிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுப்பலகை பொருத்துவதே முறை.

உப்பு

நொய்யல் கரை ஊர்களில் சுவரைக் கெடுப்பதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சாயக் கழிவு கலந்ததால் இப்பகுதியில் ஆறும் பல கிணறுகளும் உப்பேறின. பாசனத்திற்கென 1992 இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலும் அக்கழிவே தேங்கியது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரி 28 இல் ஆணையிட்டது. எனினும் நிலத்தடியில் ஒருமுறை சேர்ந்த உப்பு எளிதில் நீங்குவதில்லை.

அத்தகைய கிணற்று நீரில் குழைத்த சாந்து காயும்போது, நீர் ஆவியாகிறது. உப்பு சுவரிலேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் பருக்கும்போது பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. வெண்மையாகப் பூத்துப் பொரிந்து உதிர்வது இதனாலேயே. கம்பி வைத்துக் கட்டும் கான்கிரீட்டுக்குரிய நீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தலாகாது என்பது இந்தியத் தர விதி. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000 மில்லிகிராம் வரை இசைவு உண்டு. இந்த அளவு மிகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஆகவே வேலை தொடங்குமுன் கிணற்று நீரைச் சோதித்தல் நலம். உப்பு மிகுந்திருந்தால் சேமித்த மழைநீரையோ வேறு நல்ல நீரையோ கொண்டு சாந்து குழைக்க வேண்டும்.

மாட்டுக்கொட்டகைச் சுவரும் கோமியத்தின் உப்பினால் இவ்வாறே அரிக்கும். உர மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்குவதும் தவறு.

வெடிப்பு

பூச்சில் மட்டும் வலைபோல் ஓடும் மயிரிழைக் கீறல்களால் அபாயமில்லை. தூணும் செங்கல்லும் சேருமிடத்தில் நேர்கோடாக விழும் வெடிப்புக்கு, அவ்விடத்தில் கம்பி வலை அடித்துப் பூசினால் போதும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிசையில் படிப்படியாகவோ செல்லும் வெடிப்பு, பெரும்பாலும் அடித்தளம் இறங்குவதைக் காட்டும். கரிசல் மண் மழையில் பருத்துக் கோடையில் சுருங்குவதால், அந்நிலத்து வீடுகளில் இது மிகுதி.

வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தபின், வெடிப்பு கோட்டைத் தாண்டவில்லையென்றால் அடைத்துப் பூசலாம். தாண்டிச் சென்றாலோ, பென்சில் நுழையுமளவு அகன்றாலோ, சுவர் வயிறு தள்ளினாலோ, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் சாய்வு தெரிந்தாலோ, காத்திருத்தல் கூடாது. குடியிருப்போரை உடனே வேறிடம் மாற்றிவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். அது பூச்சு வேலையன்று.

கொத்தனாரை அமர்த்தும் முறை

நல்ல கொத்தனார் வந்தவுடன் விலை சொல்லமாட்டார். சுவரைத் தட்டிப் பார்ப்பார்; ஈரம் எங்கிருந்து வருகிறதென்று கேட்பார். அவர் முன்பு பூசிய சுவரொன்றை, ஒரு மழைக்காலமேனும் கண்ட சுவரை, நாம் நேரில் சென்று பார்க்க வேண்டும். கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா, சதுர அடிக்கு என்ன என்பதைத் தாளில் எழுதிக் கொள்ள வேண்டும். பணத்தை வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுத்து, சிறு பகுதியை அடுத்த மழை வரை நிறுத்திவைப்பதென முன்னரே பேசி முடிப்பது இரு சாராருக்கும் நன்று.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. முதலில் சுவரோரத்து மண்மேட்டை அகற்றி, கழிவுநீரை விலக்கிவிட வேண்டும். கெட்ட பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் இரண்டடி வரை கொத்தியெடுத்து, உப்பைக் கழுவாமல் உலர்வாகத் துடைத்து, சுவரை நன்கு காயவிட வேண்டும். பிறகே புதுப்பூச்சு. உட்புறத்துக்கு 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணலும், மழை அடிக்கும் வெளிப்புறத்துக்கு 4 பங்கு மணலும் பொருந்தும். குழைத்த சாந்தை அரைமணிக்குள் பயன்படுத்த வேண்டும். இறுகியதை மீண்டும் நீர்விட்டுக் குழைக்கலாகாது. குறைந்தது 7 நாள் நல்ல நீரால் நனைத்துவர வேண்டும். மண்சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டிய பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து இன்னும் மேலே ஏற்றிவிடும்.

சித்தாளும் கொத்தனாரும் 1994 இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கின்றனரா என்றும் கேட்டறிதல் நலம். பதியாதவரைப் பதியத் தூண்டுவது, சாரத்திலிருந்து ஒருவர் விழ நேர்ந்தால் அவர் குடும்பத்துக்கு உதவி கிடைக்கச் செய்யும்.

ஊராட்சியின் பங்கு

பள்ளி, சத்துணவுக் கூடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகிய பொதுச் சுவர்களை ஊராட்சி உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுற்றிப் பார்ப்பது இன்றியமையாதது. ஒரு தூக்குக்குண்டும் ஒரு பென்சிலும் ஒரு குறிப்பேடும் போதும். மண் முட்டுக்கொடுத்து நிற்கும் சுவர்களில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பதைத் தவறாது பார்க்க வேண்டும். மண்ணில் தேங்கும் நீரின் பாரமே அத்தகைய சுவரைத் தள்ளும். ஐயத்துக்குரிய சுவர்களின் பட்டியலைக் கிராமசபையில் வாசித்து, ஒன்றியப் பொறியாளருக்கு எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். பட்டியலில் ஏறிய சுவரின் அருகே, அது சீராகும் வரை, எவரும் உறங்காமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் பொறுப்பாகும்.